காந்தியைத் தேடி ஒரு லட்சம் மைல்: ஏ.கே. செட்டியாரின் கதை



முதல்ல ஒரு சின்ன வேலை. யூடியூபைத் திறந்து காந்தியின் பழைய வீடியோ ஏதாவது ஒன்றைப் பாருங்க. கையில் கம்பு, தோளில் துண்டு, அறுபது வயதைத் தாண்டிய மனிதர். ஆனா நடையைப் பார்த்தா, எட்டு மணி காலேஜ் பஸ்ஸை ஏழு ஐம்பத்தொன்பதுக்குப் பிடிக்க ஓடுற நம்ம ஆளு மாதிரி இருக்கும். கூட வர்றவங்க எல்லாரும் பொம்மை மாதிரி விறுவிறுன்னு நகர்வாங்க. என்றைக்காவது யோசிச்சிருக்கீங்களா, ஏன் அப்படின்னு?

காந்தி வேகமாக நடக்கக்கூடியவர்தான். ஆனால் வீடியோவில் தெரியும் வேகத்துக்கு அது மட்டும் காரணம் இல்லை. பேசாப் பட காலத்தில் கேமராவின் கைப்பிடியைக் கையால்தான் சுற்றுவார்கள். வினாடிக்குச் சுமார் 16 படங்கள் பதிவாகும். பேசும் படம் வந்த பிறகு வேகம் வினாடிக்கு 24 என்று நிலையானது. 16-ல் எடுத்ததை 24-ல் ஓட்டினால் என்ன ஆகும்? ஒன்றரை மடங்கு வேகம். மூன்று நிமிட நடை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அவ்வளவுதான் கணக்கு.

இந்தக் கணக்கு எனக்கு ஒரு வருஷத்துக்கு முன்னாடி தெரியாது. தெரிய வந்ததுக்குக் காரணம் நாங்க வாங்கின ஒரு அடி. அதைச் சொல்லிட்டு, நான் சொல்ல வந்த மனிதரிடம் போறேன்.

போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் நிகழ்ச்சிக்கு வரலாற்றைக் குறும்படமா போடலாம்னு நாலு பேர் சேர்ந்தோம். தலைப்பு, உப்பு சத்தியாகிரகம். நீளம், தொண்ணூறு வினாடி. ஒரு ராத்திரி உட்கார்ந்து இணையத்தில் கிடைச்ச துண்டுகளை எல்லாம் இறக்கி, வெட்டி, ஒட்டி, பின்னணியில் அதிரடி இசை போட்டு, தண்டி 1930 என்று பெரிய எழுத்தில் எழுதி முடிச்சோம். அரங்கத்தில் கைதட்டல் பறந்தது. எங்களுக்கும் தலைகால் புரியலை.

நிகழ்ச்சி முடிஞ்சு வெளியே வரும்போது எங்க நூலகத்தில் வேலை பார்க்கிற ஐயா ஒருத்தர் கூப்பிட்டார். நல்லா இருந்ததுன்னு சொல்லிட்டு மெதுவா ஒரு கேள்வி கேட்டார். குஜராத் போலீஸ்காரர் எப்போதிலிருந்து அந்த உயரமான லண்டன் தொப்பியைப் போட ஆரம்பிச்சார் என்று.

வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தோம். நாங்க தண்டின்னு போட்ட காட்சியில், கூட்டத்தின் ஓரத்தில், கோட்டும் உயரமான தொப்பியும் போட்ட ஆங்கிலேயப் போலீஸ்காரர் ஒருத்தர் நிற்கிறார். அது 1931-ல் வட்டமேசை மாநாட்டுக்குக் காந்தி லண்டன் போனபோது எடுத்தது. ஒரு வருஷமும் ஒரு கண்டமும் தள்ளி. முந்நூறு பேர் பார்த்தாங்க, கைதட்டினாங்க. அவங்களுக்கெல்லாம் ஒரு பொய்யைக் கத்துக்கொடுத்து அனுப்பிட்டோம்.

ஐயா திட்டவில்லை. மறுநாள் ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். பேர் அண்ணல் அடிச்சுவட்டில். எழுதியவர் ஏ.கே. செட்டியார். இந்தக் கட்டுரை அவரைப் பற்றித்தான்.

கோட்டையூரிலிருந்து டோக்கியோ

ஏ.கே. செட்டியார் என்ற பேரை நம்மில் பலர் உலகம் சுற்றும் தமிழன் என்ற அடைமொழியோடுதான் கேட்டிருப்போம். அது அவர் 1940-ல் வெளியிட்ட பயணப் புத்தகத்தின் பேர். பிறகு அவருக்கே பட்டமாக ஒட்டிக்கொண்டது. முழுப் பேர் அ. கருப்பன் செட்டியார். 1911-ல் காரைக்குடி பக்கத்தில் இருக்கும் கோட்டையூரில் பிறந்தவர்.

நகரத்தார் குடும்பத்துப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் கடல் தாண்டுவது புதுசு இல்லை. பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிக்கப் போவார்கள். வட்டிக் கடையில் கணக்கு எழுதக் கற்றுக்கொண்டு, சில வருஷம் கழித்து ஊர் திரும்புவார்கள். இவரும் பர்மா போனார். ஆனால் அங்கே இவர் பிடித்தது பேரேடு இல்லை, பத்திரிகை. தனவணிகன் என்ற இதழுக்கு ஆசிரியராக இருந்தார். இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் ஒரு பையன், நம்ம வயசு.

அதோடு அவர் நின்றிருந்தால் இன்னொரு பழைய பத்திரிகையாளர் என்ற அளவில் முடிந்திருக்கும். அவருக்குக் கேமரா மேல் ஆசை வந்தது. 1930களின் நடுவில் ஜப்பான் போய் டோக்கியோவில் புகைப்படக் கலை படித்தார். பிறகு அமெரிக்கா போய் நியூயார்க்கில் அதே துறையில் மேலும் பயிற்சி எடுத்தார். இன்றைக்கு நாம ஜிஆர்ஈ எழுதி, விசாவுக்கு வரிசையில் நின்று, ஏஜென்ட் பின்னாடி அலைகிறோம் இல்லையா? அந்தக் காலத்தில், செட்டிநாட்டுக் கிராமத்திலிருந்து கிளம்பிய ஒருவர், எஞ்சினியரிங்கும் இல்லாமல் வக்கீல் படிப்பும் இல்லாமல், படம் பிடிக்கக் கற்றுக்கொள்ள டோக்கியோவும் நியூயார்க்கும் போயிருக்கிறார். வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை உங்க கற்பனைக்கே விட்டுடறேன்.

கப்பலில் வந்த யோசனை

1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து அயர்லாந்தின் டப்ளினுக்குப் போகும் கப்பல். பேர் சமாரியா. அட்லாண்டிக் கடலின் நடுவே இருந்த அந்த நாளில் காந்திக்கு 68 வயது முடிந்தது. செட்டியாருக்கு இருபத்தாறு கூட நிரம்பவில்லை. அன்றைக்கு அவருக்கு ஒரு யோசனை வந்தது. காந்தியின் வாழ்க்கையை ஒரு முழுநீள ஆவணப்படமாக எடுத்தால் என்ன?

இந்த யோசனையில் இருக்கும் பைத்தியக்காரத்தனத்தைக் கொஞ்சம் பட்டியல் போட்டுப் பார்க்கலாம்.

ஒன்று, காந்திக்குச் சினிமா பிடிக்காது. 1927-ல் அரசு அமைத்த திரைப்பட விசாரணைக் குழு அவருக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பியது. தான் சினிமாவே பார்த்ததில்லை, அதனால் நாட்டுக்குக் கெடுதல்தான் என்ற பொருளில் பதில் எழுதி, கேள்விகளை நிரப்பாமலே விட்டுவிட்டவர் அவர். கேமராவுக்காக நின்று முகம் காட்டுவதும் அவர் வழக்கம் இல்லை.

இரண்டு, ஆட்சி ஆங்கிலேயருடையது. 1930-ல் உப்பு சத்தியாகிரகத்தைப் பற்றிய செய்திப் படங்கள் பலவற்றைத் தடை செய்த அரசு அது. அந்த மனிதரைப் பற்றியே ஒரு படம் என்றால் சும்மா இருக்குமா?

மூன்று, பணம். பாட்டு, நடனம், புராணக் கதை இருந்தால்தான் அன்றைய தமிழ்ப் படம் ஓடும். பேசும் படம் தமிழுக்கு வந்தே ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆவணப்படம் என்ற சொல்லே இங்கே யாருக்கும் பழக்கம் இல்லை. நடிகர் இல்லாத, பாட்டை நம்பாத படத்துக்கு யார் டிக்கெட் எடுப்பார்கள்?

நான்காவதுதான் பெரிய சிக்கல். 1937-ல் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனால் 68 வயதுக் காந்தியைத்தான் எடுக்க முடியும். தென்னாப்பிரிக்காவில் வக்கீலாக இருந்த காந்தியை எங்கே போய்ப் பிடிப்பது? 1930 மார்ச் 12-ல் சபர்மதியிலிருந்து 78 பேரோடு கிளம்பி, 24 நாள் நடந்து தண்டி கடற்கரைக்குப் போன காந்தியை மறுபடி நடக்கச் சொல்ல முடியுமா? நடிகரை வைத்து எடுக்கலாம். அது நாடகம் ஆகிவிடும், ஆவணம் ஆகாது. செட்டியாருக்கு நடிப்பு வேண்டாம், நடந்ததுதான் வேண்டும்.

அப்படியானால் ஒரே வழி. ஏற்கெனவே உலகத்தில் யார் யாரோ எடுத்து வைத்திருக்கும் காட்சிகளைத் தேடிக் கண்டுபிடிப்பது.

அந்தக் காலத்து ஷார்ட்ஸ்

இங்கே ஒரு விஷயத்தை விளக்கணும். நாம இன்னைக்குப் பார்க்கிற ரீல்ஸ், ஷார்ட்ஸ் எல்லாம் புதுசுன்னு நினைக்கிறோம். 1910களிலேயே அதற்கு ஒரு தாத்தா இருந்தார். பேர் செய்திப் படம். பாத்தே, கோமோ, ஃபாக்ஸ் மாதிரியான கம்பெனிகள் உலகம் முழுக்கக் கேமராக்காரர்களை வைத்திருந்தன. எங்கே ஊர்வலம், எங்கே வெள்ளம், எங்கே ராஜா வருகிறார் என்று ஓடிப்போய் எடுப்பார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஓரிரண்டு நிமிடம். எல்லாவற்றையும் சேர்த்துப் பத்து நிமிடச் சுருளாக்கி, தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்னால் போடுவார்கள். அடுத்த வாரம் புதுச் சுருள் வந்துவிடும். பழையது கிடங்குக்குப் போகும், இல்லையென்றால் குப்பைக்கு. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

காந்தி அந்தக் கம்பெனிகளுக்குப் பிடித்த பாத்திரம். அரைவேட்டியோடு லண்டன் குளிரில் நடக்கும் மனிதரை யாருக்குத்தான் படம் பிடிக்கத் தோன்றாது? ஆனால் அவர்கள் வரலாற்றுக்காக எடுக்கவில்லை. ஒரு வாரக் காட்சிக்காக எடுத்தார்கள். அதனால் காந்தியின் வாழ்க்கை ஆளுக்கு ஒரு துண்டாக, பல நாடுகளின் கிடங்குகளில் சிதறிக் கிடந்தது. எது எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் கூடக் கிடையாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அன்றைய படச்சுருள் நைட்ரேட் வகை. நம்ம கெமிஸ்ட்ரி லேபில் கேட்டிருப்பீங்க, நைட்ரோசெல்லுலோஸ். துப்பாக்கிப் பஞ்சுக்கு நெருங்கிய சொந்தம். ஒரு பொறி பட்டால் போதும். எரிவதற்குத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்குள் முக்கினாலும் அணையாது. எரியாமல் தப்பித்தாலும் வெப்பத்திலும் ஈரத்திலும் பிசுபிசுத்து, கடைசியில் பொடியாகிப் போகும். ஒவ்வொரு வருஷமும் தாமதிக்கத் தாமதிக்க, காந்தியின் ஒரு துண்டு வாழ்க்கை உலகத்தின் ஏதோ மூலையில் தூளாகிக்கொண்டே இருந்தது.

தேடல்

1937 முதல் 1940 வரை, கிட்டத்தட்ட மூன்று வருஷம், செட்டியார் அலைந்தார். இந்தியா, ஐரோப்பா, அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா. மொத்தம் சுமார் ஒரு லட்சம் மைல். பூமியின் சுற்றளவு சுமார் 25,000 மைல் என்று படித்திருப்பீர்கள். அப்படியானால் உலகத்தை நாலு முறை சுற்றிய தூரம். கப்பலிலும் ரயிலிலும்தான் பெரும்பாலும். கூகுள் இல்லை, மின்னஞ்சல் இல்லை. ஒரு கம்பெனிக்குக் கடிதம் எழுதினால் பதில் வர வாரக்கணக்கு ஆகும். வரும் பதில், அப்படி எதுவும் எங்களிடம் இல்லை என்பதாகவும் இருக்கலாம். நேரில் போய்க் கிடங்கில் இருக்கும் டப்பாக்களைத் திறந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். டப்பா மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் காந்தி என்றே எழுதியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஏதோ ஊர்வலம், ஏதோ இந்தியத் தலைவர் என்றுகூட இருக்கலாம்.

அவருக்குக் கிடைத்ததில் முக்கியமான ஒன்று, 1912-ல் கோபாலகிருஷ்ண கோகலே தென்னாப்பிரிக்கா போனபோது எடுத்த காட்சி. அந்தப் பயணத்தில் கோகலே கூடவே இருந்தவர் காந்தி. நமக்குத் தெரிந்த காந்தி இல்லை, மேல்நாட்டு உடையில் இருக்கும் காந்தி. யோசிச்சுப் பாருங்க. நாற்பது வயதைத் தாண்டியிருந்த, இன்னும் மகாத்மா ஆகாத அந்த மனிதர் அசையும் காட்சி. தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் காந்தியோடு நின்றவர்களில் தமிழர்கள் ஏராளம். தில்லையாடி வள்ளியம்மை சிறையிலிருந்து நோயோடு வெளிவந்து 1914-ல் உயிரை விட்டது அந்தப் போராட்டத்தில்தான். ஒரு தமிழர் அந்த மண்ணுக்குப் போய் அந்தக் காலத்தின் தடயங்களைத் தேடியது பொருத்தமான விஷயம்.

காட்சிகளைச் சேகரித்ததோடு அவர் நிற்கவில்லை. காந்தியோடு பழகியவர்களையும் அவரைப் பற்றி எழுதியவர்களையும் தேடிப் போய்ச் சந்தித்தார். காந்தியின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் ரோமெய்ன் ரோலந்து அவர்களில் ஒருவர். புதிதாகப் படம் பிடிக்க வேண்டியிருந்த இடங்களில் பி.வி. பதி ஒளிப்பதிவாளராகக் கைகொடுத்தார். பாரிசில் பயிற்சி பெற்றவர், இந்திய ஆவணப்படத்தின் முன்னோடிகளில் ஒருவர்.

இதற்கு நடுவே 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. கடல் வழிகள் ஆபத்தாயின. ஐரோப்பாவில் எந்தக் கிடங்கு எப்போது குண்டில் போகும் என்று சொல்ல முடியாத நிலை. அதற்கு முன்னாலேயே அவர் அங்கே தேட ஆரம்பித்திருந்தார் என்பது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம்! அக்டோபர் 2-ல் வந்த யோசனையை, படிப்பு முடியட்டும், வேலை கிடைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

50,000 அடியும் 12,000 அடியும்

கடைசியில் கையில் சேர்ந்தது சுமார் 50,000 அடிப் படம். முப்பது வருஷ காலத்தில், கிட்டத்தட்ட நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்தது. இதை நம்ம மொழிக்கு மாற்றிப் பார்ப்போம். 35 மி.மீ. படச்சுருளில் ஓர் அடிக்கு 16 படங்கள். வினாடிக்கு 24 படம் என்றால் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 50,000 அடி என்பது ஒன்பது மணி நேரத்துக்கு மேல். அதிலிருந்து தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்தி, கடைசியில் 12,000 அடியாகச் சுருக்கினார். இரண்டேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

நாலில் மூன்று பங்குக்கு மேல் வெளியே போனது. அவ்வளவு அலைந்து கொண்டுவந்ததை வெட்டுவது எவ்வளவு வலித்திருக்கும்! நாங்க ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஐந்து வினாடித் துண்டை வெட்ட மாட்டேன்னு சண்டை போட்டவங்க. அதனால எனக்கு அது புரியுது.

வெட்டி ஒட்டுவது என்றால் டைம்லைனில் இழுத்து விடுவது இல்லை. உண்மையான கத்தரி, உண்மையான பசை. தப்பா வெட்டினால் பழைய நிலைக்குத் திரும்ப பட்டன் கிடையாது. சில காட்சிகளுக்கு உலகத்தில் வேறு பிரதியே இருக்காது. அதோடு, பல கைகள் பல வேகத்தில் சுற்றி எடுத்த பேசாப் படத் துண்டுகளைப் பேசும் படமாக்க வேண்டும். முதலில் சொன்ன 16-க்கும் 24-க்கும் உள்ள கணக்கு நினைவிருக்கா? இப்படிப்பட்ட தொகுப்பு வேலையில் இறங்கும் எவரையும் படுத்தி எடுக்கும் சிக்கல் அது.

1940 ஆகஸ்ட் 23. மகாத்மா காந்தி என்ற அந்தப் படம் தமிழ் விளக்க உரையோடு சென்னையில் வெளியானது. பிறகு தெலுங்கிலும் வந்தது. காந்தியைப் பற்றிய முதல் முழுநீள ஆவணப்படம் ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ முதலில் பேசவில்லை, தமிழில் பேசியது. இதை எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்?

காலம்தான் சரியாக அமையவில்லை. 1939 இறுதியிலேயே காங்கிரஸ் மந்திரி சபைகள் பதவி விலகிவிட்டன. மாகாணம் கவர்னர் கையில். போர்க்காலக் கெடுபிடி. படம் வந்த இரண்டு மாதத்தில் தனிநபர் சத்தியாகிரகம், இரண்டு வருஷத்தில் வெள்ளையனே வெளியேறு போராட்டம். அப்படிப்பட்ட சூழலில் இந்தப் படம் சுதந்திரமாக ஊர் ஊராகப் போக முடியவில்லை. சுதந்திரத்தை ஒட்டிய நாட்களில்தான் ஹிந்தி வடிவம் டெல்லியில் திரையேறியது. பிறகு செட்டியார் மறுபடி அமெரிக்கா போனார். 1953-ல் ஹாலிவுட்டில் ஆங்கில வடிவம் தயாரானது.

தன்னை மறைத்துக்கொண்டவர்

இவ்வளவு செய்த ஒருவர் என்ன ஆகியிருக்க வேண்டும்? பெரிய தயாரிப்பாளர், அரசியல்வாதி, குறைந்தபட்சம் சுவரொட்டியில் முகம். செட்டியார் ஒரு மாத இதழ் நடத்தப் போனார்.

1943-ல் குமரி மலர் தொடங்கியது. சுமார் நாற்பது வருஷம் நடத்தினார். அதில் அவர் செய்த வேலையைப் பாருங்க, படத்துக்குச் செய்ததேதான். பழைய பத்திரிகைகளிலும் புத்தகங்களிலும் மறந்து கிடந்த கட்டுரைகளை, பாரதியார் எழுதியவை உட்பட, தேடி எடுத்து மறுபடி அச்சில் ஏற்றினார். நூறு வருஷத்துக்கு முன்னால் நம்ம ஊர்க்காரர்கள் மாட்டு வண்டியிலும் புது ரயிலிலும் போய்வந்து எழுதிய பயணக் கட்டுரைகளைத் தொகுத்து 1968-ல் ஒரு பெரிய புத்தகமாக்கினார். குடகு பற்றித் தனியாக ஒரு நூல் எழுதினார். படமோ எழுத்தோ, அவர் வேலை ஒன்றுதான். சிதறிக் கிடப்பதைப் பொடியாகிப் போவதற்குள் பொறுக்கிச் சேர்ப்பது.

அவருடைய பயணப் புத்தகங்களைப் படிச்சா ஒரு வேடிக்கை தெரியும். உலகம் முழுக்கப் போயிருக்கிறார், ஆனா புத்தகத்துக்குள் அவரைத் தேடினால் கிடைக்க மாட்டார். சின்னச் சின்ன வாக்கியம், உலர்ந்த நகைச்சுவை. எதிரில் இருப்பவர் தெரிவார், எழுதுபவர் தெரிய மாட்டார். தன் படத்தைப் போட்டுக்கொள்ளவோ தன்னைப் பற்றிப் பேசிக்கொள்ளவோ விரும்பாத மனிதர். எல்லாக் காட்சியிலும் நம்ம முகம் ஓரத்தில் வட்டமாகத் தெரிய வேண்டும் என்று நினைக்கும் நமக்கு இது கொஞ்சம் புரியாத சமாச்சாரம்தான்.

1983-ல் அவர் மறைந்தார். அதற்குள்ளேயே படமும் கண்ணில் படாமல் போயிருந்தது. எங்கெங்கோ கிடந்ததை எல்லாம் தேடிக் கண்டுபிடித்தவரின் படத்தையே தேட வேண்டிய நிலை. அந்தத் தேடலில் முக்கியமானவர் வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி. செட்டியார் தன் படத்தேடலைப் பற்றி எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து அண்ணல் அடிச்சுவட்டில் என்ற புத்தகமாக்கியவரும் அவர்தான். 1953-ல் செய்த ஆங்கில வடிவத்தின் பிரதி ஒன்று அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருப்பது பல பத்தாண்டுகள் கழித்துத் தெரியவந்தது.

சரி, நமக்கு என்ன?

குறும்படங்களில் வரலாறு படிப்பது தப்புன்னு நான் சொல்ல வரலை. நானும் அப்படித்தான் படிக்கிறேன். செமஸ்டர் நடுவில் ஐந்நூறு பக்கப் புத்தகத்தைத் தொட முடியாத நாளில் ஐந்து நிமிட வீடியோ ஒரு வரம். எங்க அப்பாவும் இப்போ வாட்ஸ்அப்பில் வரும் சோழர் கதைகளைப் பார்த்துட்டுத்தான் தூங்கறார். செட்டியாரே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் காந்தியைக் காட்டலாம் என்ற வசதி உள்ள திரையைத்தான் தேர்ந்தெடுத்தார்.

ஆனா ஒரு கேள்வியை மட்டும் பழக்கப்படுத்திக்கலாம். இந்தக் காட்சியை யார், எங்கே, எப்போ எடுத்தாங்க? நாங்க லேப் ரெக்கார்டில் ஒரு வோல்டேஜ் அளவு எழுதினாலே எந்த மீட்டர், எந்த ரேஞ்ச்னு கேட்கறாங்க. வரலாற்றுக்கு மட்டும் அந்தக் கேள்வி ஏன் கூடாது? பதில் இல்லாத காட்சி அழகாக இருக்கலாம், உணர்ச்சியாக இருக்கலாம், ஆதாரம் ஆகாது. இப்போ செயற்கை நுண்ணறிவில் ஒரு வரி தட்டினா, நடக்காத ஊர்வலம்கூட கறுப்பு வெள்ளையில், கீறல் விழுந்த படமா வந்து நிக்குது. இனிமே அந்தக் கேள்வியின் விலை இன்னும் கூடும்.

எங்க வீடியோ என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. அந்தப் புத்தகத்தைப் படிச்சு முடிச்சதும் நாலு பேரும் மறுபடி உட்கார்ந்தோம். ஒவ்வொரு துண்டும் எந்தக் கம்பெனி எடுத்தது, எந்த வருஷம், எந்த ஊர்னு தேடினோம். முதல் தடவை ஒரு ராத்திரியில் முடிச்ச வேலைக்கு இந்தத் தடவை ஒன்பது நாள் ஆச்சு. பதினொரு துண்டில் நாலுக்குத்தான் உறுதியான விவரம் கிடைச்சுது. மீதி ஏழையும் வெட்டிட்டோம். லண்டன் காட்சி மட்டும் இருக்கு, லண்டன் 1931 என்ற எழுத்தோடு. வேகத்தையும் 16-க்கு இறக்கிட்டோம். இப்போ காந்தி மனுஷன் மாதிரி நடக்கிறார்.

தொண்ணூறு வினாடி முப்பத்தெட்டு வினாடி ஆயிடுச்சு. முன்னாடி வந்த லைக்கில் பாதி கூட வரலை. நூலகத்து ஐயாவிடம் போய்க் காட்டினோம். இரண்டு தடவை பார்த்தார். ஒன்னும் கேட்கலை.